ஆவடித் தளவாட ஆலையின் அலுவலக நாட்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1970-ஆம் ஆண்டு ஆவடியில் ஒரு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் எல்.டி.சி.யாக, அதாவது கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்து, அங்கேயே பணி ஓய்வு பெற்றவள் நான். உறவுக்காரப் பிள்ளைகளும், மத்திய அரசுத் தேர்வுகளுக்குப் படிக்கும் பெண்களும், தொழிலாளர் வரலாறு படிக்கும் மாணவர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்பதால் விடைகளை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். முதல் சில ஆண்டுகளைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறேன். பின்னால் வந்த காலத்தைச் சொல்ல என்னைவிட இளையவர்கள் பலர் இருக்கிறார்கள்.

எந்தத் தொழிற்சாலை என்று ஏன் சொல்வதில்லை?

ஆவடியில் ராணுவம் தொடர்பான இடங்கள் பல உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே அங்கு ராணுவக் கிடங்குகள் இருந்தன. 1961-இல் படைவீரர்களுக்கு உடை தைக்கும் ஆர்ட்னன்ஸ் குளோதிங் ஃபேக்டரி வந்தது. ஊரில் அதை ஓ.சி.எஃப். என்பார்கள். அதற்குப் பின் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. அதற்கு ஊரார் வைத்த பெயர் டேங்க் ஃபேக்டரி. விஜயந்தா டாங்கி 1965-இல் அங்கிருந்துதான் வெளிவந்தது. என்னுடைய அலுவலகம் இந்த வட்டாரத்தில் இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். சில மனக்குறைகளையும் கீழே எழுதியிருப்பதால், அவற்றை ஒரு குறிப்பிட்ட நிர்வாகத்தின் தலையில் ஏற்றுவது முறையாகாது. மேலும், எங்கே வேலை என்று யாராவது கேட்டால் "ஆவடிப் பக்கம், மத்திய அரசு வேலை" என்று மட்டும் சொல்லிப் பழகிய வாய் இது.

வேலை எப்படிக் கிடைத்தது?

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்திருந்தேன். அப்போது, மத்திய அரசு வேலைகளுக்குத் தேர்வு நடத்தும் ஸ்டாஃப் செலக்ஷன் கமிஷன் கிடையாது. அதன் முன்னோடி அமைப்பே 1975-இல்தான் உருவானது. தொழிற்சாலை தன் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்கும், அவர்கள் பதிவு மூப்பின்படி பெயர்களை அனுப்புவார்கள், நமக்கு ஒரு கார்டு வரும். எஸ்.எஸ்.எல்.சி.யும், டைப்ரைட்டிங்கில் நிமிடத்துக்கு 30 சொல் வேகமும் கேட்டார்கள். நான் எங்கள் தெரு இன்ஸ்டிடியூட்டில் லோயர் முடித்து, 45 சொல் வேகத்துக்கான ஹையரும் தேறியிருந்தேன். மத்தியதரக் குடும்பத்துப் பெண் எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் டைப்ரைட்டிங்கில் சேர்வது அன்று வழக்கம். கல்லூரிக்கு அனுப்ப வசதியில்லாத வீட்டில், வேலையும் கிடைக்கலாம், கல்யாணத்துக்கும் கேடில்லை என்று பெற்றோர் ஒப்புக்கொண்ட ஒரே படிப்பு அது.

தேர்வு எளிதாகத்தான் இருந்தது. அதற்குப் பின் நடந்த விசாரணைதான் நீண்டது. சான்றளிப்புப் படிவம் ஒன்றைப் பல பிரதிகளில் நிரப்ப வேண்டும்: முந்தைய ஆண்டுகளில் எந்தெந்த முகவரியில் இருந்தோம், தந்தை எந்த நாட்டில் பிறந்தார், வெளிநாட்டில் உறவினர் உண்டா, எப்போதாவது கைதானதுண்டா என்றெல்லாம் அதில் கேட்டிருக்கும். பிறகு காவல் நிலையத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து அக்கம்பக்கத்தில் விசாரித்தார். பெண் பார்க்க வந்தவர்களுக்குத்தான் சேதி சொல்கிறோம் என்று நினைத்த எதிர்வீட்டு மாமி, என் குணநலன்களை அவரிடம் தேவைக்கு மேலேயே விவரித்துவிட்டார்.

ஆயுதம் செய்யும் இடத்தில் அலுவலகத்துக்கு அப்படி என்ன வேலை?

எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். நான் விரும்பி விடை சொல்வதும் இதற்குத்தான். உள்ளே இருக்கும் லேத்துகளையும் உலைகளையும் நினைத்துக்கொண்டு, அலுவலகம் என்பது சம்பளம் போடுவதற்கும் விடுப்பு எழுதுவதற்கும் உள்ள இடம் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் தாள் இல்லாமல் அங்கே ஓர் ஆணிகூட இடம் மாறாது.

ராணுவத்தின் தேவை கல்கத்தாவில் இருந்த ஆர்ட்னன்ஸ் (ராணுவத் தளவாட) தொழிற்சாலைகளின் தலைமை இயக்குநரகம் வழியாக ஆணையாக வரும். அந்த ஆணையை வைத்துத் தொழிற்சாலை தனக்குள்ளே வாரண்ட் போடும். ஒரு பொருளை இத்தனை எண்ணிக்கை செய்ய எந்தெந்த மூலப்பொருள் எவ்வளவு எடுக்கலாம், எந்தெந்த வேலைக்கு எவ்வளவு கூலி நேரம் ஏற்கலாம் என்பதெல்லாம் அந்த வாரண்டில்தான் இருக்கும். ஷாப்பில், அதாவது உற்பத்திப் பட்டறையில், மேற்பார்வையாளராக இருக்கும் சார்ஜ்மேன் கிடங்கிலிருந்து பொருள் எடுக்க வேண்டுமென்றால் வாரண்ட் எண்ணைக் குறிப்பிட்டு டிமாண்ட் நோட் எழுத வேண்டும். கிடங்கில் பொருளைக் கொடுத்ததும், அந்தப் பொருளின் இருப்பைக் காட்டும் "பின் கார்டு" என்ற அட்டையில் இருப்பைக் குறைத்து எழுதுவார்கள். அதே கணக்கு லெட்ஜரிலும் ஏறும். தொழிலாளி எந்த வாரண்டுக்காக எவ்வளவு நேரம் உழைத்தார் என்பது கார்டில் பதிவாகி லேபர் ப்யூரோவுக்குப் போகும். அங்கிருந்து கூலிக் கணக்கு தயாராகி, வளாகத்துக்குள்ளேயே இருந்தாலும் எங்களோடு சேராத வேறு துறையான அக்கவுண்ட்ஸ் அலுவலகத்துக்குப் போகும்.

எனக்குப் பிடித்த தாள் ஒன்று உண்டு. வாரண்டுக்குத் தேவையான பொருள் கையிருப்பில் போதாது என்று கிடங்குப் பொறுப்பாளர் எழுதிக் கொடுக்க வேண்டிய படிவத்துக்கு "ஸ்டோர் ஹோல்டர்ஸ் இனெபிலிட்டி ஷீட்" என்று பெயர். எங்கள் பேச்சில் அது "ஷிஸ்". தன்னால் இயலவில்லை என்பதைப் படிவம் போட்டு ஒப்புக்கொள்ளும் ஓர் ஏற்பாட்டை நான் அதற்கு முன்னும் பின்னும் வேறெங்கும் கண்டதில்லை. அந்த ஒற்றைத் தாளிலிருந்துதான் கொள்முதல் முழுவதும் தொடங்கும்: டெண்டர் விசாரணை, விலைப்புள்ளிகளின் ஒப்பீட்டுப் பட்டியல், அனுமதிக் குறிப்பு, சப்ளை ஆர்டர், பொருள் வந்து சேர்ந்ததும் பரிசோதனைக் குறிப்பு. ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ ஒருவர் தட்டச்சு செய்தாக வேண்டும். அந்த யாரோ ஒருத்தியாகத்தான் என் முதல் ஆண்டுகள் கழிந்தன.

ஒரு சாதாரண நாளில் கைக்கு என்ன வேலை வரும்?

காலையில் டாக், அதாவது தபால், வரும். டைரி எழுத்தர் ஒவ்வொரு கடிதத்துக்கும் எண் போட்டுப் பிரிவுகளுக்கு அனுப்புவார். பிரிவில் இருப்பவர் பழைய கோப்பை எடுத்து, சம்பந்தப்பட்ட பக்கங்களில் சீட்டு செருகி, குறிப்பு எழுதி, வரைவுக் கடிதத்தோடு அதிகாரிக்கு மேலே அனுப்புவார். அதிகாரி பச்சை மையிலோ சிவப்பு மையிலோ திருத்தி அனுப்பியதும் அது, தட்டச்சர்கள் சேர்ந்து உட்கார்ந்திருந்த எங்கள் டைப்பிங் பூலுக்கு ஃபேர் காப்பி எடுக்க வரும்.

பூலில் ரெமிங்டன் இயந்திரங்களும் கோத்ரெஜ் இயந்திரங்களும் இருந்தன. நீளமான பட்டியல்களுக்கென்று அகலமான கேரேஜ் கொண்ட ஓர் இயந்திரம் தனியே உண்டு. அதை இழுத்துத் தள்ளிவிட்டு மாலையில் வீட்டுக்குப் போனால் இடது தோள் வலிக்கும். கடிதம் என்றால் ஒரு மூலப் பிரதி, கீழே கார்பன் வைத்து மெல்லிய தாளில் சில நகல்கள். நாலாவது நகலில் எழுத்து விழ வேண்டுமென்றால் விசையை ஓங்கித்தான் அடிக்க வேண்டும். அழிப்பதென்றால் ஒவ்வொரு நகலையும் பிரித்துத் தனித்தனியாக அழிக்க வேண்டும்.

சுற்றறிக்கைகளுக்கு ஸ்டென்சில். ரிப்பனை விலக்கிவிட்டு, எழுத்துக் கட்டையே நேராக மெழுகுத் தாளைக் கீறும்படி அடிப்போம். அதற்கு முன் கட்டைகளில் படிந்திருக்கும் மையைப் பிரஷ்ஷாலும் குண்டூசியாலும் சுத்தம் செய்யாவிட்டால் "ஈ"யும் "ஏ"யும் ஆங்கிலத்தில் ஒன்றுபோல அடைத்துக்கொண்டு விழும். மாறாக, விசையைச் சற்று அதிகமாக அழுத்தினால் "ஓ" எழுத்தின் நடுப்பகுதி வட்டமாகக் கழன்று விழுந்துவிடும். சைக்ளோஸ்டைல் செய்யும்போது, அதாவது ஸ்டென்சிலை வைத்து நகலெடுக்கும்போது, அந்த இடத்தில் கறுப்புப் பொட்டு வரும். திருத்துவதற்கு ஒரு சிவப்புத் திரவம் தருவார்கள். அது தீர்ந்துபோய், ஸ்டேஷனரிப் பிரிவு அடுத்த குப்பியைத் தர நாளாகும் சமயங்களில், பூலில் இருந்த ஒருவரின் கைப்பையிலிருந்து நகப்பூச்சு வெளியே வரும். நகத்துக்குப் போட்டு அவரை நான் பார்த்ததில்லை.

எண்களில் தவறு வந்தால் என்ன ஆகும்?

கடிதத்தில் எழுத்துப்பிழை வந்தால் அதிகாரி முகம் சுளிப்பார், அவ்வளவுதான். பாகங்களின் எண்ணில் ஒரு இலக்கம் மாறினால் வேறொரு பொருள் வந்து இறங்கும். அதைத் திருப்பி அனுப்ப இன்னொரு கோப்பு திறக்க வேண்டியிருக்கும். பழைய இயந்திரங்கள் பலவற்றில் 1 என்ற விசையே கிடையாது. ஆங்கிலச் சிறிய "எல்" எழுத்தைத்தான் ஒன்றாக அடிப்போம். பாக எண்களிலோ எழுத்துகளும் இலக்கங்களும் கலந்தே வரும். ஆகவே தாளைப் பார்த்துச் சரிபார்ப்பது போதாது என்று, ஒருத்தி மூலத்தை உரக்கப் படிக்க, இன்னொருத்தி தட்டச்சு செய்ததை விரலால் தொடர்ந்துகொண்டே வர வேண்டும் என்பது எங்கள் பூலின் கட்டுப்பாடு. "ஓ இல்லை, ஜீரோ, கோடு, எல் இல்லை, ஒன்று" என்று பிற்பகல் முழுவதும் ஓதுவது போலக் கேட்டுக்கொண்டிருக்கும்.

எங்களுக்கு மூத்தவரான ஓர் அக்கா, அளவுப் பத்தியைத்தான் முதலில் பார்ப்பார். எண்ணிக்கை சரியாக இருக்கும். ஆனால் அது எண்ணிக்கையா, டஜனா, கிலோவா, மீட்டரா என்று குறிக்கும் பத்தியில்தான் அசதி வேலை செய்யும் என்பது அவர் அனுபவம். ஒருமுறை மேலிருந்து ஒப்புதலாகி வந்த வரைவிலேயே டஜன் என்று இருந்ததைக் கண்டு, தட்டச்சு செய்ய மறுத்து, கோப்பைத் தானே கையில் எடுத்துக்கொண்டு ஹெட் கிளார்க்கிடம் போனார். ஒப்புதலான வரைவைக் கேள்வி கேட்பது டைப்பிஸ்டின் வேலையல்ல என்று முதலில் சொன்ன ஹெட் கிளார்க், லெட்ஜரை வரவழைத்துப் பார்த்த பிறகு ஒன்றும் பேசாமல் கோப்பை மேலே திருப்பி அனுப்பினார். பாராட்டு என்று எதுவும் வரவில்லை. ஆனால் அதற்குப் பின் பட்டியல்கள் தட்டச்சுக்கு வரும் முன்பே அக்காவின் மேசையில் ஒரு முறை நின்றுவிட்டு வரும். எந்த ஆணையும் இல்லாமல் உண்டான வழக்கம் அது.

ரகசியத் தாள்களைத் தட்டச்சு செய்திருக்கிறீர்களா?

வேலையில் சேர்ந்த அன்றே 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டத்தைப் படித்துப் புரிந்துகொண்டதாகக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். தாள்களில் நான்கு படிகள் உண்டு: ரெஸ்ட்ரிக்டெட், கான்ஃபிடென்ஷியல், சீக்ரெட், டாப் சீக்ரெட். புதிதாகச் சேர்ந்தவளின் கைக்கு முதல் படியைத் தாண்டி எதுவும் வராது. பின்னாளில் அடுத்த படிகளும் வந்தன. அவற்றைத் தனியறையில் அடிக்க வேண்டும். பயன்படுத்திய கார்பன், கெட்டுப்போன ஸ்டென்சில், சுருக்கெழுத்துக் குறிப்பு எல்லாவற்றையும் எண்ணிக் கொடுத்து, எரிப்பதற்கு ஒப்படைக்க வேண்டும். அனுப்பும்போது இரண்டு உறைகள்: உள் உறையில் ரகசிய முத்திரையும் அரக்கும், வெளி உறையில் முகவரி மட்டும். வெளி உறையைப் பார்த்தால் அது ரகசியக் கடிதமா, துடைப்பம் வாங்குவது பற்றிய கடிதமா என்று தெரியக் கூடாது.

உள்ளே என்ன இருந்தது என்று கேட்பவர்களுக்குச் சொல்வதற்கு என்னிடம் கதை ஏதும் இல்லை. இருந்தாலும் சொல்லக் கூடாது. ஆனால் ஒன்று சொல்லலாம். விரல் வேகமாக ஓடும்போது மனம் பொருளைப் படிப்பதில்லை. வரி வரியாக அடித்து முடித்த கடிதம் எதைப் பற்றியது என்று உடனே கேட்டால்கூட விழிப்பேன். நல்ல டைப்பிஸ்டுகள் பெரும்பாலோர் இப்படித்தான் என்பதால், சட்டத்தைவிட இந்தப் பழக்கம்தான் ரகசியத்தை அதிகம் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

டாங்கியையோ துப்பாக்கியையோ அருகில் பார்த்ததுண்டா?

வெகுநாள் பார்த்ததில்லை. அலுவலகக் கட்டடத்திலிருந்து ஷாப்புகளுக்குப் போக எங்கள் பாஸில் அனுமதி இல்லை. பாகங்களின் பெயரும் எண்ணும் மனப்பாடமாகத் தெரியும்; அந்தப் பாகம் உள்ளங்கையில் அடங்குமா, கிரேன் வைத்துத் தூக்க வேண்டுமா என்பது தெரியாது. ஒரு வாஷரையும் ஒரு பெரிய வார்ப்பையும் ஒரே அளவு கட்டத்துக்குள்தானே அடிக்கிறோம். சில ஆண்டுகள் கழித்து, ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரி தினமான மார்ச் 18 அன்று, கண்காட்சிக்காகப் பொருள்களை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் முன்னும் இருந்த அட்டையை முதலில் படித்துவிட்டு, அட்டை சரியாக அடிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் பொருளைப் பார்த்தோம். அந்த நாளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், கல்கத்தாவை அடுத்த காசிப்பூரில் இருந்த பீரங்கி வண்டித் தொழிற்சாலையில் 1802 மார்ச் 18 அன்று உற்பத்தி தொடங்கியது என்பதுதான்.

வாசலில் சோதனை எப்படி இருக்கும்?

வாசல் காவலரான தர்வானிடம் புகைப்பட அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். தீப்பெட்டி, கேமரா, டிரான்சிஸ்டர் எதற்கும் அனுமதி இல்லை. பெண்களின் பைகளைப் பார்ப்பதற்கு லேடி சர்ச்சர் ஒருவர் இருந்தார். மூடி இறுகிப்போன டிஃபன் பாக்ஸைத் திறந்து காட்டச் சொல்வார். குழம்பு வாசனையை வைத்தே இன்ன வீட்டில் இன்று இன்ன குழம்பு என்று சொல்லிவிடுவார். மாலையில் வெளியே வரும்போதுதான் சோதனை கடுமையாக இருக்கும், ஏனென்றால் உள்ளே வருவதைவிட வெளியே போவதைப் பற்றித்தான் நிர்வாகத்துக்குக் கவலை. பிள்ளைக்கு வரைவதற்கு என்று ஒருபக்கம் அடித்த பழைய தாளைக்கூட எடுத்துப் போக முடியாது.

பெண்கள் எத்தனை பேர் இருந்தீர்கள்? ஆண்கள் எப்படி நடந்துகொண்டார்கள்?

விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தோம். எங்களில் பெரும்பாலோர் டைப்பிஸ்ட், ஸ்டெனோ, டெலிபோன் ஆபரேட்டர். கோப்பைக் கையாளும் பிரிவுகளில் ஆண்கள். இந்தப் பிரிவினை எந்த விதியிலும் எழுதப்பட்டதல்ல, எல்.டி.சி. என்பது எல்லோருக்கும் ஒரே பதவிதான். ஆனால் புதிதாக ஒரு பெண் சேர்ந்தால், இவளுக்கு எங்கே இடம் என்று யாரும் யோசிக்க மாட்டார்கள், இயந்திரத்தின் முன் உட்கார வைத்துவிடுவார்கள். அடுத்த பதவியான யு.டி.சி.க்கு, அதாவது மேல்நிலை எழுத்தர் பதவிக்கு, வரும்போது கோப்பு அனுபவம் கேட்பார்கள். நாங்கள் கேட்டுக் கேட்டுத்தான் பிரிவுகளுக்கு மாற்றம் வாங்கினோம்.

மரியாதைக் குறைவாக யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. பெண்களை "மிஸ்" என்றும், மணமானவர்களை "மேடம்" என்றும் அழைப்பார்கள். ஷாப்பிலிருந்து கார்டு கொண்டுவரும் தொழிலாளிகளுக்கு நாங்கள் எல்லோரும் "டைப்பிஸ்ட் அம்மா"தான். ஹெட் கிளார்க்குகளில் சிலர் தம் வீட்டுப் பெண்ணைப் போல நடத்துவதாக எண்ணிக்கொண்டு, பயணப்படியோடு கூடிய வெளியூர்ப் பயிற்சிக்கு எங்கள் பெயரை எழுத மாட்டார்கள். கெடுதல் நினைத்துச் செய்ததல்ல. ஆனாலும் பதவி உயர்வு வரிசையில் அதற்கான விலையை நாங்கள்தான் கொடுத்தோம்.

கழிப்பறை பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்களுக்கென்று கட்டிய கட்டடம் என்பதால் பெண்களுக்கானது வேறொரு கட்டடத்தில் இருந்தது. மழைக்காலத்தில் குடை பிடித்துக்கொண்டு எல்லோர் கண்ணெதிரேயும் நடந்து போக வேண்டும் என்பதற்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டவர்கள் உண்டு. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பெண்களுக்குத் தனிக் கழிப்பறையைக் கட்டாயமாக்கியிருந்தது. அருகில் இருக்க வேண்டும் என்பதைக் கேட்டு வாங்க ஒரு கோப்பு தேவைப்பட்டது. அந்தக் கோப்பின் கடிதங்களை நாங்கள்தான் தட்டச்சு செய்தோம் என்பதால், அதற்கு வழக்கத்தைவிட விரைவாக நகல்கள் போய்ச் சேர்ந்தன.

இரவு வேலை, மகப்பேறு விடுப்பு போன்றவை எப்படி?

அன்றைய தொழிற்சாலைச் சட்டப்படி பெண்களைக் காலை 6 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வேலை வாங்கக் கூடாது என்று இருந்தது. மகப்பேறு விடுப்பு அப்போது 90 நாள். ஐந்தாவது ஊதியக் குழுவுக்குப் பின் 135 நாளாகி, 2008-இல் 180 நாளானது. குழந்தை பராமரிப்பு விடுப்பும் அப்போதுதான் வந்தது. எங்கள் காலத்துப் பெண்கள் பிரசவத்துக்கு முந்தைய நாள் வரை இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் கடமையுணர்ச்சி அல்ல, அந்த 90 நாளையும் குழந்தையோடு கழிக்க வேண்டும் என்ற கணக்குதான்.

திருமணம் செய்துகொண்டால் வேலை போய்விடுமா என்றும் கேட்கிறார்கள். எங்களுக்கு அப்படி இல்லை. வெளியுறவுப் பணியில்தான் பெண் அதிகாரிகள் திருமணத்துக்கு அரசின் அனுமதி பெற வேண்டும் என்ற விதி இருந்தது, சி.பி. முத்தம்மா தொடுத்த வழக்கில் 1979-இல் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்தது. அந்தச் செய்தி வந்த நாளிதழ் எங்கள் பூலில் கைக்குக் கை மாறியது.

சம்பளம் எவ்வளவு?

நான் சேர்ந்தபோது எல்.டி.சி.யின் ஊதிய விகிதம் 110–180 ரூபாய். அகவிலைப்படி முதலியவை சேர்ந்து கையில் இருநூறு ரூபாயைச் சற்றுத் தாண்டும். மூன்றாவது ஊதியக் குழு 1973 முதல் அதை 260–400 ஆக்கியது. 1986-இல் 950–1500 ஆனது. மாதக் கடைசி வேலைநாளில் சம்பளம் வரும். மார்ச் மாதச் சம்பளம் மட்டும் ஏப்ரலில். ஷாப்பில் பீஸ் ஒர்க், அதாவது செய்த எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி பெறும் வேலை, செய்த தேர்ந்த தொழிலாளிகள் ஓவர்டைமோடு சேர்த்து எங்களைவிட அதிகம் வாங்கினார்கள் என்பது கூலிப் பட்டியலை அடித்த எங்களுக்கு நன்றாகத் தெரியும். வெள்ளைச் சட்டை என்பதற்காக வெளியே கிடைத்த மதிப்பு, அந்தப் பட்டியலைப் பார்த்தவர்களிடம் அவ்வளவாக எடுபடாது.

1971 போரின்போது அலுவலகம் எப்படி இருந்தது?

பாகிஸ்தானுடனான போர் டிசம்பர் 3 அன்று தொடங்கி 16 அன்று முடிந்துவிட்டது. ஆனால் எங்கள் மேசைகளுக்குப் போர் அதற்குப் பல மாதம் முன்பே வந்துவிட்டது. கோப்புகளின் மேல் "இமீடியட்" என்ற சிவப்புச் சீட்டு பெருகியது. எல்லாமே அவசரம் என்றான பிறகு சீட்டுக்கு மதிப்பில்லாமல் போய், ஹெட் கிளார்க் தம் கையெழுத்தில் "இது உண்மையிலேயே அவசரம்" என்று எழுதி ஒட்ட ஆரம்பித்தார். தந்திகள் வந்தபடி இருந்தன. ஷாப்புகளில் ஓவர்டைம் கூடியதால் லேபர் ப்யூரோவின் பட்டியல்கள் நீண்டன. விடுப்பு கேட்கத் தயங்கினோம்.

வீட்டில் எல்லோரும் வானொலியைச் சுற்றி உட்கார்ந்து செய்தி கேட்பார்கள். உனக்கு ஏதாவது தெரியுமா என்று என்னைப் பார்ப்பார்கள். எந்தப் பொருளுக்கான சப்ளை ஆர்டர்கள் திடீரென்று கூடின என்பது மட்டுமே எனக்குத் தெரியும். அதையும் சொல்ல முடியாது. போர் முடிந்த பிறகும் தாள்கள் குறையவில்லை. தீர்ந்துபோன இருப்பைத் திரும்ப நிரப்பும் ஆணைகள் வந்தன.

ஆயுதம் செய்வதற்கு உதவுகிறோம் என்ற உறுத்தல் இருந்ததா?

முதல் ஆண்டுகளில் இல்லை. 1962 சீனப் போரும் 1965 பாகிஸ்தான் போரும் எல்லோர் நினைவிலும் இருந்த காலம் அது; ராணுவத்துக்கு வேலை செய்வது பெருமையாகவே கருதப்பட்டது. என் சம்பளத்தில் இரண்டு தம்பிகள் படித்தார்கள். உறுத்தல் வந்தது நடுவயதில், வாரண்டில் பாக எண்ணாக மட்டும் பார்த்த பொருளின் வேலை என்ன என்பதை ஒரு தொலைக்காட்சிச் செய்தியில் கண்டபோது. அதற்காக வேலையை விடவில்லை, விட வேண்டும் என்றும் தோன்றவில்லை. ஆனால் தாளில் வேலை செய்பவருக்கு இந்தக் கேள்வி தாமதமாக வருவதற்குக் காரணம், தாள் அதை எட்ட வைத்திருப்பதுதான் என்பதை மறைக்க விரும்பவில்லை.

போக்குவரத்து?

நான் வில்லிவாக்கத்திலிருந்து ரயிலில் வந்தேன். திருவள்ளூர்த் தடத்தில் மின்சார ரயில் 1979-இல்தான் வந்தது, அதுவரை கரிவண்டி. வெளிர் நிறப் புடவை உடுத்தினால் மாலையில் கரித்தூள் தெரியும் என்பதால் அலுவலகத்துக்கென்று அடர்நிறப் புடவைகள் தனியே இருந்தன. பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் வரை போகும் வண்டிகளில் ஏறக்குறைய எல்லோருமே தொழிற்சாலை, கிடங்கு ஆட்கள்; சீட்டாட்டமும் சங்கப் பேச்சும் அங்கேதான். 1968 செப்டம்பர் 19 அன்று மத்திய அரசு ஊழியர்கள் செய்த ஒருநாள் வேலைநிறுத்தத்தைப் பற்றி, நான் சேர்ந்த பிறகும் அந்தப் பெட்டிகளில் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

இந்தி கட்டாயமாக இருந்ததா?

அலுவல் முழுவதும் ஆங்கிலத்தில்தான். 1976-ஆம் ஆண்டின் ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது என்று அந்த விதிகளிலேயே இருக்கிறது. ஆனாலும் அலுவலக நேரத்தில் பிரபோத், பிரவீண், பிராக்யா என்ற இந்தி வகுப்புகள் நடக்கும்; தேறினால் ஊக்கத்தொகை உண்டு. 1965 போராட்டத்தில் மாணவர்களாக ஊர்வலம் போனவர்களே ஊக்கத்தொகைக்காக அந்த வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொள்வோம். வகுப்பை மட்டும் தவறவிட மாட்டோம்.

என் அம்மாவோ பாட்டியோ அப்படியொரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவருடைய பணிப் பதிவுகள் எங்கே கிடைக்கும்?

சர்வீஸ் புக்கின் நகல் வீட்டில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பலர் ஓய்வுபெறும் முன் வாங்கி வைத்திருப்பார்கள். ஓய்வூதிய ஆணை அலகாபாத்தில் (இப்போது பிரயாக்ராஜ்) உள்ள பாதுகாப்புக் கணக்குத் துறையின் ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து வந்திருக்கும். அதில் பணியில் சேர்ந்த நாள், கடைசிப் பதவி, தொழிற்சாலையின் பெயர் எல்லாம் இருக்கும். அந்த விவரங்கள் பாதுகாப்புத் துறை ஓய்வூதியங்களுக்கான "ஸ்பர்ஷ்" இணையதளத்துக்கு மாற்றப்பட்டிருப்பதால், குடும்ப ஓய்வூதியம் வாங்குபவர்கள் அதில் பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது நல்லது. அந்த இலக்கங்களையும் யாரோ ஒருவர் வேகமாகத்தான் அடித்திருப்பார்.

தொழிற்சாலைக்கு எழுதுவதாக இருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2021 அக்டோபர் 1 முதல் ஆர்ட்னன்ஸ் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு, 41 தொழிற்சாலைகளும் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. ஆவடியில் உள்ளவையே வெவ்வேறு நிறுவனங்களின் கீழ் போய்விட்டன: கனரக வாகனத் தொழிற்சாலை ஆர்மர்ட் வெஹிகிள்ஸ் நிகாமிலும், உடைத் தொழிற்சாலை ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் நிறுவனத்திலும் இருக்கின்றன. ஆகவே விண்ணப்பத்தில் பழைய பெயர், புதிய நிறுவனத்தின் பெயர் இரண்டையும் எழுதுங்கள். ஊழியரின் டோக்கன் எண்ணோ பர்சனல் எண்ணோ தெரிந்தால் பெயருக்கு முன்னால் அதை எழுதுங்கள். ஊழியர் பதிவுகளைக் கவனிக்கும் எஸ்டாப்ளிஷ்மென்ட் பிரிவில் கோப்பைத் தேடுபவர் எண்ணை வைத்துத்தான் தேடுவார்.